கருப்பட்டிக்கு டீ வரலை

அந்த ஜன்னல் திறக்காது தம்பி. விட்டுடுங்க. திருச்சியில ஏறினதுலேர்ந்து நானும் இழுத்துப் பாத்துட்டேன், அசையல. என் சீட்டு பின்னால சாயாது, உங்க சீட்டு சாஞ்சா நிமிராது. ரெண்டையும் சேத்தா ஒரு நல்ல சீட்டு கிடைக்கும். மடியில பாப்பா தூங்குதா? தூங்கட்டும், தூங்கட்டும். நான் மெதுவாத்தான் பேசுவேன். என் குரலே மெதுவான குரல். வீட்ல மட்டும்தான் இல்லைம்பாங்க.

இந்த சீட்டை நான் கேட்டு வாங்கல. ஆபீஸ்ல போட்டுக் குடுத்தது. அந்தோணிதுரைன்னு எங்க மேனேஜர். நீங்க எதுக்கு சார் அலையணும், டிக்கெட்டை நானே போட்டுடறேன்னான். அக்கறையாப் போட்டான். கடைசி வரிசை, சக்கரத்துக்கு மேல. போகும்போதும் இதே சீட்டு, வரும்போதும் இதே சீட்டு. முன்னால பாதி பஸ் காலியாக் கிடக்கு, பாத்தீங்களா? மாறி உக்காரட்டுமான்னு கண்டக்டரைக் கேட்டேன். உங்களை அந்த சீட்லதான் உக்கார வைக்கணும்னு போன்ல கண்டிப்பா சொல்லியிருக்காங்க சார்ங்கறார். யார் சொன்னா, எதுக்குச் சொன்னா, ஒண்ணும் விளங்கல.

இதுவா? சட்டையில மாட்டியிருக்கறதா? இது பிரஷர் பாக்கற மெஷின். அந்தோணிதுரை குடுத்தது. நல்லது சொல்லணும்னா அதையும் சொல்லணும், என் உடம்பு மேல அவனுக்கு அக்கறை உண்டு. பஸ்ல போகும்போது கழட்டவே கூடாது சார்னு சொல்லி அவன் கையாலயே மாட்டி விட்டான். பேசிக்கிட்டிருந்தா பச்சை லைட் எரியும். சும்மா இருந்தா அணைஞ்சுடும். பச்சை எரிஞ்சா உடம்பு நல்லாயிருக்குன்னு அர்த்தமாம். திருச்சியிலேர்ந்து இது அணையவே இல்ல. எனக்கே ஆச்சரியம்தான், இந்த வயசுல.

நான் என்ன வேலை பாக்கறேன்னு கேட்டீங்க. கேக்கலையா? சரி, கேட்டதா வச்சுக்குங்க.

கருப்பட்டி தெரியுமா? டீவில வருதே, எருமை. பாப்பாவோட பையில ஒட்டியிருக்கே, மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு, கழுத்துல துண்டோட. அதேதான். அந்த எருமைக்குக் குரல் குடுக்கறது நான். கையை விடுங்க தம்பி, நான் பெருமைக்குச் சொல்லல. அது ஒரு விபத்து. அந்த விபத்து இன்னிக்கு சாயங்காலத்தோட முடியப் போகுது. இதோ, இந்தப் பையில இருக்கு. கருப்பட்டி ஊரை விட்டே போற எபிசோடு. நானே எழுதினது. காட்டுக்குள்ள போகுது, திரும்பி வராது. சாயங்காலம் ரெக்கார்டிங். இதை அந்தோணிதுரை மேஜை மேல வச்சுட்டு, இதைத்தான் பேசுவேன், இதுக்கப்புறம் எருமைக்கு வாயைத் திறக்க மாட்டேன்னு சொல்லிட்டு வந்துடுவேன். வேற ஆளை வச்சுப் பண்ணிக்கட்டுமேங்கறீங்களா? ஒரு மிமிக்ரி ஆளைக் கூட்டிட்டு வந்து பாத்தாங்க. தத்ரூபமாப் பேசினான். பசங்க இது கருப்பட்டி இல்லன்னு டீவியை அணைச்சுட்டாங்களாம். அதனால நான் இல்லேன்னா அது இல்ல.

பாவமா? எது பாவம்? கதையைக் கேளுங்க, அப்புறம் யார் பாவம்னு நீங்களே சொல்லுங்க.

என் பேர் சபாநடேசன். சிதம்பரம் பக்கம். தமிழ் எம்.ஏ. நான் எழுதினது எருமைக் கதையே இல்ல. இளவரசன் வேங்கைமாறன் கதை. ஏழு வயசுப் பையன். ராஜ்ஜியத்தைப் பறிகொடுத்துட்டான். அதைத் திரும்பப் பிடிக்கறான், எதால? நேர்மையால. கத்தியே எடுக்க மாட்டான். எதிரி வந்தா நின்னு பேசுவான். ஒரு எபிசோடுக்கு நாலு நிமிஷம் பேசுவான். ஒவ்வொரு வரியும் செதுக்கினது தம்பி. ஒண்ணு சொல்றேன், கேளுங்க. 'பகைவனே, உன் வாளின் கூர்மை என் வாய்மையின் முன் மழுங்கும்.' எப்படி? கொட்டாவி வருதா, தாராளமா விடுங்க. ஜன்னல் மூடியிருக்கே, அதான்.

முதல்ல அவனுக்கு வெள்ளைக் குதிரைதான் குடுத்திருந்தேன். அந்தோணிதுரை வந்தான். சார், குதிரைன்னா ஓடணும், நாலு காலும் தனித்தனியாப் போகணும், பிடரி வேற பறக்கணும், அத்தனையும் வரைய செலவு தாங்காது, நின்ன எடத்துல நிக்கற மாதிரி ஒரு மிருகம் சொல்லுங்கன்னான். ராஜகுமாரன் நின்ன எடத்துல நிக்கற மிருகத்து மேல உக்காந்து ராஜ்ஜியத்தைப் பிடிக்கணுமாம். அப்போ எருமையை வச்சுக்கய்யான்னு கோவத்துல சொன்னேன். எழுதிக்கிட்டான். பேர் என்ன சார்னு கேட்டான். பக்கத்துல என் சம்சாரம் காபிக்குக் குடுத்து விட்ட கருப்பட்டி டப்பா இருந்துச்சு. அதைப் பாத்துச் சொன்னேன். அவ்வளவுதான் அதோட ஜாதகம்.

இப்ப விபத்துக்கு வர்றேன். நிறைய பேர் என்ன நினைக்கறாங்கன்னா, கார்ட்டூனை முதல்ல வரைஞ்சுட்டு அப்புறம் பேசுவாங்கன்னு. அப்படி இல்ல. முதல்ல குரல், அப்புறம்தான் படம். நாம பேசின சத்தத்தைக் கேட்டு அதுக்கு ஏத்த மாதிரி வாயை வரைவாங்க. நடிகர் வர்றதுக்கு முன்னாடி, எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாக்க ஆபீஸ்லயே யாராவது சும்மா பேசி வைப்போம். டம்மி வாய்ஸ்னு பேரு. எருமைக்கு வசனமே கிடையாது. அங்கங்க 'ம்மா'ன்னா போதும். அதுக்கு எதுக்கு நடிகர், நீங்களே சொல்லிடுங்க சார்னான் அந்தோணிதுரை. கண்ணாடி ரூமுக்குள்ள போய் மைக் முன்னாடி உக்காந்தேன். வெளியில ஹபிபுல்லா, அவர்தான் சவுண்டு. நல்ல மனுசன்.

அன்னிக்கு எல்லாருக்கும் டீ வந்துச்சு. கண்ணாடி வழியாப் பாக்கறேன், அத்தனை பேர் கையிலயும் டீ. பிஸ்கட்டு வேற. எனக்கு வரல. கேட்டா, மறந்துட்டோம் சார்ங்கறாங்க. கதையை எழுதினவன் நான். நான் வேங்கைமாறன் இல்லையே தம்பி, எனக்குக் கோவம் வரும். ஹபிபுல்லாகிட்டச் சொல்லிப் புலம்பினேன். மைக் ஓடிக்கிட்டிருந்துச்சு. யாருக்குத் தெரியும்? அவரும் அணைக்கல, நானும் பாக்கல. அந்தப் புலம்பலோட சேத்து மொத்தத்தையும் அப்படியே புவனேஸ்வருக்கு அனுப்பிட்டாங்க. படம் வரையறவங்க அங்கதான் இருக்காங்க. ஒருத்தருக்கும் தமிழ் தெரியாது. ஆனா வேலைல சுத்தம். எருமைன்னு எழுதியிருக்கு, சத்தம் இருக்கு, அப்போ எருமைதான் பேசுதுன்னு முடிவு பண்ணி ஒரு அட்சரம் விடாம வாயை வரைஞ்சுட்டாங்க. நடுவுல நான் உஸ்ஸுன்னு மூச்சு விட்டுட்டுத் துண்டால கழுத்தைத் துடைச்சிருக்கேன். அந்த உஸ்ஸு எதுக்குன்னு அவங்களுக்கு எப்படிப் புரிஞ்சுதோ, எருமைக்கும் ஒரு துண்டு குடுத்துட்டாங்க.

படம் திரும்பி வந்தப்போ ஒளிபரப்புக்கு நாள் இல்ல. எல்லாரும் உக்காந்து பாக்கறோம். கோட்டை வாசல். எதிரித் தளபதி வாளை உருவறான். வேங்கைமாறன் கையைத் தூக்கறான். 'பகைவனே'ங்கறான். அவனுக்குக் கீழ நிக்கற எருமை வாயைத் திறக்குது. 'எல்லாருக்கும் டீ வந்துச்சு. எனக்கு வந்துச்சா?'ங்குது. என் குரல்ல. 'உன் வாளின் கூர்மை'ங்கறான் இவன். 'பிஸ்கட்டு வாங்கத் தெரிஞ்சுதுல்ல? கேட்டா மறந்துட்டாங்களாம்'ங்குது அது. இவன் 'வாய்மையின் முன் மழுங்கும்'னு முடிக்கறான். எருமை உஸ்ஸுன்னு கழுத்தைத் துடைச்சுக்கிட்டு, 'நான் என்ன மனுசன் இல்லையா?'ன்னு கேக்குது.

எருமை கேக்குது தம்பி. நான் என்ன மனுசன் இல்லையான்னு.

சிரிக்காதீங்க, பாப்பா முழிச்சுக்கும். அன்னிக்கு அந்த ரூம்ல எல்லாரும் இப்படித்தான் சிரிச்சாங்க. நான் மட்டும் அழுதேன். சொல்றதுக்கு என்ன வெக்கம், அழுதேன். மாத்தறதுக்கு நேரம் இல்லன்னு அப்படியே போட்டுட்டாங்க. மறுநாள் தெருவுல இறங்கினா, ஒரு பொடியன் இட்லி வேணாம்னு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு அவங்கம்மாகிட்டக் கேக்கறான், 'நான் என்ன மனுசன் இல்லையா?'ன்னு. அப்புறம் ஊரே கேட்டுது. ஸ்கூல் பையில வந்துடுச்சு, தண்ணி பாட்டில்ல வந்துடுச்சு. தொடருக்கு 'வேங்கைமாறன்'னு இருந்த பேரை எடுத்துட்டு 'கருப்பட்டி'ன்னு வச்சாங்க. பையன் இருக்கான். எருமை மேல சும்மா உக்காந்திருக்கான். அவன் நாலு நிமிஷப் பேச்சை அரை நிமிஷமாக்கி, அதுலயும் எருமை குறுக்க பேசுது. டைட்டில்ல முதல்ல, பெரிசா, 'கருப்பட்டியாக சபாநடேசன்'. எம்.ஏ. கூடப் போடல.

சரி, வந்தது வந்தாச்சு, எருமையும் நம்ம பிள்ளைதான்னு மனசைத் தேத்திக்கிட்டு, அதுக்கு நல்ல நகைச்சுவை வசனமா உக்காந்து எழுதினேன். சிலேடையெல்லாம் வச்சு எழுதினேன். பேசினேன். அந்தோணிதுரை கேட்டுட்டு, சார், அந்த ஃபீல் வரலன்னான். திரும்பப் பேசினேன். வரலன்னான். அவனும் ஹபிபுல்லாவும் வெளியில போய் ரொம்ப நேரம் ஏதோ பேசிக்கிட்டிருந்தாங்க. அப்புறம் வந்து, இனிமே நீங்க எழுதவே வேணாம் சார், வந்து உக்காந்தாப் போதும்னாங்க. பாத்தீங்களா? என் பேனாவைப் பிடுங்கிட்டாங்க.

அந்த வாரத்துலேர்ந்துதான் ஆபீஸ்ல எனக்கு மரியாதையே போச்சு. நல்லா கவனிங்க, அந்த வாரத்துலேர்ந்து. அதுக்கு முன்னாடி அன்னிக்கு ஒரு நாள்தான் டீயை மறந்தாங்க. அதுக்கப்புறம் தினமும் மறந்தாங்க. தினமும் எப்படி ஒரு மனுசனை மறக்க முடியும்? மறக்கறதுக்கே ஞாபகம் வச்சுக்கணுமே. என் நாற்காலியில ஒரு சக்கரம் காணோம். என் தலைக்கு மேல இருந்த ஃபேனைக் கழட்டி, யாருமே உக்காராத எடத்துல மாட்டினாங்க. என் பிறந்தநாளுக்குக் கேக் வாங்கினாங்க, இல்லேங்கல. நான் பாத்ரூம் போயிட்டு வர்றதுக்குள்ள வெட்டித் தின்னுட்டாங்க. வந்து நிக்கறேன், வாயெல்லாம் க்ரீமோட எனக்கு ஹாப்பி பர்த்டே பாடறாங்க. ஒரு நாள் செருப்பைக் காணோம். எங்கெங்கயோ தேடினா, மொட்டை மாடித் தண்ணித் தொட்டிக்குள்ள மிதக்குது. செருப்பு தானா மாடி ஏறுமா?

எனக்கு இருந்த ஒரே ஆறுதல் ஹபிபுல்லாதான். என்ன நடந்தாலும் நேரா அவர் ரூமுக்குப் போயிடுவேன். மேல செருப்பு மிதக்கறதைப் பாத்ததும் அந்தோணிதுரையே சொல்றான், சார், மனசுல வச்சுக்காதீங்க, ஹபிபுல்லாகிட்டக் கொட்டிடுங்கன்னு. கெட்டவன்னு சொல்ல முடியுமா அவனை? ஹபிபுல்லா எழுந்து நின்னு வரவேற்பார். வாங்க சார், உக்காருங்க சார்னு அந்த மைக் பக்கத்து நாற்காலியில உக்கார வைப்பார். அங்கதான் ஏ.சி. நல்லா வரும். நான் சொல்லச் சொல்ல, குறுக்க பேச மாட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காதுல ஹெட்ஃபோனை வச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி வர வர கேப்பார். அவ்வளவு இளகின மனசு. சில சமயம், 'சார், அந்த செருப்பு விஷயம் இன்னொரு தடவை சொல்லுங்க, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பி'ம்பார். எனக்காக இன்னொரு தடவை கேக்கறதுக்கும் ஒரு ஆள் இருக்கேன்னு நானும் சொல்வேன். ரெக்கார்டிங்னு எனக்கு வர்றது ரெண்டே வரிதான். ஒரு 'ம்மா', ஒரு 'நான் என்ன மனுசன் இல்லையா'. அது ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சுடும். மிச்ச நேரம் பூரா நானும் அவரும் பேசிக்கிட்டிருப்போம்.

அப்போ எருமையோட மத்த வசனமெல்லாம் யார் எழுதறாங்கன்னு கேக்கறீங்க. நல்ல கேள்வி. எனக்குத் தெரியாது. யாரோ எழுதறாங்க. என் குரலை வச்சுக் கம்ப்யூட்டர்ல பண்ணுவாங்களா இருக்கும், இப்பல்லாம் எல்லாம் வந்துடுச்சே. நான் அதைப் பாக்கறதே இல்ல. பேர் மாத்தினாங்களே, அன்னிக்கே நிறுத்திட்டேன். வீட்லயும் போடக் கூடாதுன்னுட்டேன். நேத்து திருச்சியில என் கொழுந்தியா பேத்திக்குக் காது குத்து. அதுக்குத்தான் வந்தேன். அங்க ஒரு வாண்டு என் வேட்டியைப் பிடிச்சு இழுத்து, கருப்பட்டியோட செருப்பு தண்ணித் தொட்டியில விழுந்துச்சே, காய்ஞ்சுடுச்சான்னு கேக்குது. எனக்கு ஒரே ஆச்சரியமாப் போச்சு. என் செருப்பும் தொட்டியிலதானே தம்பி கிடந்துது? என்ன ஒத்துமை பாருங்க. சரி, எருமைக்கு எதுக்கு செருப்பு? அதுவும் ரெண்டே ரெண்டு? இதைக் கூட யோசிக்காம எழுதறான் ஒருத்தன்.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? எதாவது சொல்ல வந்தீங்களா? இல்லையா? சரி.

நடுவுல ஒரு தடவை எனக்கு நல்ல காலம் வந்துச்சு. சேனல்லேர்ந்து பெரியவர் ஒருத்தர் வந்தார். அவருக்கு உள் விவகாரம் ஒண்ணும் தெரியாது. சபாநடேசன் யாருன்னு கேட்டு, கூப்பிட்டு, பொன்னாடை போத்தி, புது நாற்காலி குடுத்து, தன் கையால டீ குடுத்தார். பீங்கான் கப்புல. அந்தோணிதுரை முகத்தைப் பாக்கணுமே. பேயறைஞ்ச மாதிரி நின்னான். பொறாமை. அந்த மாசம் பூரா நான் மிதந்துக்கிட்டிருந்தேன். ஹபிபுல்லா ரூமுக்குப் போனா, சார் எப்படி இருக்கீங்கம்பார், நல்லாயிருக்கேன்பேன். வேற எதாவதும்பார், வேற ஒண்ணுமில்ல, ரொம்ப சந்தோஷம்பேன். அவருக்கும் முகம் வாடிப் போயிடும். அந்த மாசம் பூரா கருப்பட்டி பழைய எபிசோடுதான் ஓடுச்சாம். புதுசா ஒண்ணு போட்டாங்களாம், அதுல எருமை சந்தோஷமாப் பாட்டுப் பாடுதாம், குழந்தைங்க பயந்து அழுதுடுச்சாம். யாரோ தப்பாப் பண்ணியிருக்காங்க, எனக்கென்ன. அந்தோணிதுரை பாவம், அப்ப ரொம்ப இளைச்சுப் போயிட்டான். ஒரு நாள் காலையில வந்து பாக்கறேன், புது நாற்காலியைக் காணோம். மூணு சக்கர நாற்காலி திரும்பி வந்திருக்கு. அதுல பொன்னாடையை விரிச்சு, அதுக்கு மேல யாரோ சாம்பார் வாளியை வச்சிருக்காங்க. அப்படியே ஹபிபுல்லாகிட்டப் போனேன். மத்தியானம் வரைக்கும் பேசினேன். மனுசன் எழுந்து வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டார்.

இவ்வளவும் பொறுத்துக்கிட்டேன். சீட்டு, டீ, செருப்பு, பொன்னாடை, எல்லாத்தையும். ஒரே ஒரு விஷயம்தான் என்னால பொறுக்க முடியல. ஒரு குழந்தை கூட வேங்கைமாறன் பேரைச் சொல்லல தம்பி. ஒண்ணு கூட. நான் போற எடத்துல எல்லாம் கேப்பேன். காது குத்துல, கல்யாணத்துல, டாக்டர் வீட்ல, எங்க குழந்தையைப் பாத்தாலும் உனக்கு யாரைப் பிடிக்கும்னு கேப்பேன். கருப்பட்டின்னு சொல்லும். என் வாழ்க்கை பூரா அந்தப் பையனுக்குத்தான் எழுதினேன். எனக்குப் பிள்ளை இல்ல. அவன்தான். அவனை எருமை மேல உக்கார வச்சு ஊமையாக்கிட்டாங்க, அதுக்குக் குரல் குடுத்தவன் நானே. அது போனாத்தான் இவன் வாயைத் திறப்பான். அதான் காட்டுக்கு அனுப்பறேன்.

ஆனா நான் நியாயஸ்தன். காலையில பஸ் ஏறும்போது ஒரு முடிவு பண்ணிட்டுத்தான் ஏறினேன். சென்னை போய்ச் சேர்றதுக்குள்ள ஒரே ஒரு குழந்தை, யார் பெத்த குழந்தையா இருந்தாலும் சரி, வேங்கைமாறன்னு சொல்லட்டும், இந்த எபிசோடைக் கிழிச்சுப் போட்டுடறேன். அதனாலதான் உங்க பக்கத்துல பாப்பாவைப் பாத்ததும் எனக்கு ஒரு இது. எழுப்பாதீங்க. தானா முழிக்கட்டும். அதுக்கு முன்னாடி நீங்க எதுவும் சொல்லிக் குடுக்கக் கூடாது, சொல்லிட்டேன்.

நிறுத்தறான் பாருங்க. மோட்டல். நீங்க இறங்கிட்டு வாங்க தம்பி, பாப்பாவை என் மேல சாச்சுட்டுப் போங்க. நான் இறங்கறதில்ல. போன தடவை இறங்கினேன், என்னை விட்டுட்டு ஒரு ஃபர்லாங் போயிட்டான். போயிட்டு வாங்க.

வந்துட்டீங்களா? டீயா? பாப்பாவுக்குப் பால். ம். இல்ல, இல்ல, எனக்கு வேணாம். நீங்க கேக்கவும் இல்ல. பரவாயில்ல. அந்த முன் சீட்டுக்காரர் அவர் சம்சாரத்துக்கும் சேத்து வாங்கிட்டு வர்றார். டிரைவர் குடிக்கறார். கண்டக்டர் குடிக்கறார். கதவோரம் நிக்கற கிளீனர் ரெண்டாவது குடிக்கறார். பஸ்ல இருக்கற எல்லாருக்கும் டீ வந்துச்சு. எனக்கு வந்துச்சா? இவ்வளவு நேரம் தொண்டை வத்தப் பேசினது யாரு? நான் என்ன மனுசன் இல்லையா?

அடடா, முழிச்சுடுச்சு. சத்தமாப் பேசிட்டேனா? வா கண்ணு. பயப்படாதே, பூச்சாண்டி இல்ல, தாத்தா. என்ன அப்படிக் கண்ணை விரிச்சுப் பாக்கறே? தம்பி, நீங்க எதுவும் சொல்லாதீங்க. வாயை மூடிக்குங்க. நானே கேக்கறேன். பாப்பா, உன் பேர் என்ன? மகிழினியா. நல்ல பேர். மகிழினி, நீ டீவி பாப்பியா? அதுல ஒரு எருமை வருதுல்ல, அது மேல ஒரு அண்ணன் உக்காந்திருப்பான்ல? கிரீடம் வச்சுக்கிட்டு? அவன் பேர் என்ன? யோசிச்சுச் சொல்லு. அவசரமே இல்ல. சென்னை வர்ற வரைக்கும் யோசி.

என்னது? கருப்பட்டி மேல உக்காந்து அதுக்கு முதுகு வலிக்க வைக்கற அண்ணனா?

சரி. சரிம்மா. தப்பு இல்ல. முதுகு வலிக்கத்தான் செய்யும். அந்த வசனம் எழுதறவன் எருமையைச் சொல்ல வச்சிருப்பான், அவன் கனமா இருக்கான்னு. பரவாயில்ல தம்பி, நீங்க எதுக்கு மன்னிப்பு கேக்கறீங்க. குழந்தை மனசுல இருக்கறதைச் சொல்லுச்சு. என் பையை எடுத்து மடியில வையுங்க. ஆச்சு, முடிவாயிடுச்சு. சாயங்காலம் குடுத்துட வேண்டியதுதான்.

என்ன கண்ணு? எதுக்கு அப்பா கையிலேர்ந்து டீயைப் பிடுங்கறே? சூடா இருக்கு, கொட்டிக்குவே. எனக்கா? எனக்கு எதுக்கு? என்ன சொல்றா தம்பி, காதுல விழல. எல்லாருக்கும் டீ வந்துச்சு, உனக்கு வரலைன்னு சொன்னியே கருப்பட்டி, நீ குடின்னு சொல்றாளா.

குடுத்துடுங்க தம்பி. வேணாம்னா அழுதுடும் போலிருக்கு. ரெண்டு கையாலயும் பிடிச்சு நீட்டுது பாருங்க. கப்பு சுடுது. பையிலேர்ந்து ஒரு பேப்பர் எடுங்க, மடிச்சுப் பிடிச்சுக்கறேன். எது வந்துச்சு, கடைசிப் பக்கமா? எருமை காட்டுக்குள்ள போற பக்கமா? பரவாயில்ல. இருக்கறதுல அதுதான் கனமான பேப்பர். குடுங்க.

ஒண்ணுமில்ல தம்பி. தூசி விழுந்துடுச்சு கண்ணுல. ஜன்னல் மூடியிருக்கே, எங்கேர்ந்து தூசின்னு கேக்காதீங்க. அந்த ஆபீஸ்ல இத்தனை வருஷம் உக்காந்திருக்கேன். எனக்கு டீ வரலைன்னு நான் சொல்லாத ஆள் இல்ல. கேட்டு சிரிச்சவங்க உண்டு, பாவம்னு சொன்னவங்க உண்டு. கொண்டு வந்து குடுத்தது இது ஒண்ணுதான். ரொம்ப சந்தோஷமா இருக்கு. வேற ஒண்ணுமில்ல. கொஞ்ச நேரம் சும்மா இருக்கேன்.

என்ன மகிழினி? லைட் அணைஞ்சு போச்சா? ஆமாம்மா. தாத்தா பேசலைல்ல, அதான். எதுக்கு அழறே? தாத்தாவுக்கு ஒண்ணும் ஆகல, நல்லாத்தான் இருக்கேன். என்ன கேக்கறே? நாளைக்கு கருப்பட்டி வருமான்னா?

தம்பி, உங்க பொண்ணு கேக்கறதைப் பாருங்க, நேருக்கு நேராக் கேக்குது. வேங்கைமாறனா இருந்தா உண்மையைச் சொல்லியிருப்பான். அவன் வாய்மைக்காரன். எனக்கு வாய் வரலை.

வரும்மா. வராம எங்க போகும் அது. காட்டுலயெல்லாம் அதுக்கு யாரைத் தெரியும்? கண்ணைத் துடைச்சுக்கோ. சாயங்காலம் தாத்தா ஹபிபுல்லா மாமாகிட்டப் போய் உக்காரணும். எவ்வளவு இருக்கு சொல்றதுக்கு. இந்த சீட்டு ஒண்ணே ஒரு மணி நேரம் வரும். அந்த ஜன்னல், அந்த கண்டக்டர். அதுக்கப்புறம் இந்த டீ. நீ குடுத்தியேன்னு குடிச்சேன் கண்ணு, உன்னைச் சொல்லல. தம்பி, நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. இது டீயா? இதுக்குப் பேர் டீயா? ஏலக்காயும் இல்ல, சர்க்கரையும் இல்ல, தூளைக் காட்டிட்டு எடுத்துட்டான். இதை எருமை கூடக் குடிக்காது தம்பி. சிரிக்கறதைப் பாருங்க இவ, பஸ்ஸே திரும்பிப் பாக்குது. என்ன சிரிப்பு? உஸ்ஸு. அந்தத் துண்டைக் கொஞ்சம் எடுங்க. இதைக் காசு வாங்கிட்டு எப்படி ஒருத்தன் ஊத்திக் குடுப்பான், குடிக்கறவன் மனுசன் இல்லையா?

பாரு மகிழினி, எரியுது பாரு. பச்சையா. நல்லா எரியுது. தாத்தாவுக்கு உடம்பு ஒண்ணும் இல்ல.